ஏழு துடக்குக்காரரும் ஒரு பந்தும்

எங்கள் கூடைப்பந்து அணியில் ஏழு பேர். ஐந்து பேர் விளையாட, இரண்டு பேர் வெளியே இருக்க. ஏழு பேரும் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தவர்கள். ஏழு பேரும் தகப்பன்வழியில் ஒரே கொடி. ஊர்ப் பேச்சில் சொன்னால் துடக்குக்காரர், ஒரே தீட்டுக்கு உட்பட்டவர்கள்; ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகள் எல்லாம் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கவேண்டும். அந்த நாட்களில் கோயில் நிலத்தை மிதிக்கக்கூடாது. எங்கள் பள்ளிக்கூட மைதானமோ பிள்ளையார் கோயிலின் வெளிவீதி, கோயில் நிலம். இப்போது சொல்லும்போது சின்னப்பிள்ளைக்கும் இதிலுள்ள பிழை விளங்கும். அந்த ஒரு வருடமும் எங்களில் ஒருவனுக்கும் விளங்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எங்களைத் தெரிவு செய்தவர் ட்ரில் மாஸ்ரர். சாவகச்சேரிக்கு அங்கால் ஓர் ஊர்க்காரர். கொழும்பில் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு தோல் பந்தும் ஒரு விசிலும் கொண்டுவந்தார். கொல்லரைப் பிடித்து இரண்டு இரும்பு வளையம் அடிப்பித்து, பனங்குற்றியில் ஏற்றி, மைதானத்தின் இரண்டு தலைப்பிலும் நாட்டினார். விடியற்காலையில் யார் வரக்கூடியவனோ அவன்தான் அணி என்றார். விடியற்காலையில் வரக்கூடியவன் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவன். பக்கத்தில் இருந்தது எங்கள் ஒழுங்கை. தெரிவு அவ்வளவுதான்.

"முதலிலை உடம்பைச் சூடாக்கவேணும். மைதானத்தைப் பத்துத்தரம் சுத்தி ஓடுங்கோ," என்றார் முதல் நாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். புகையிலைக்கு இறைப்பு நடக்கிற காலம். படுக்கையால் எழும்பியவுடன் கிணற்றுத் துலா மிதிக்க ஏறி, தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் அங்கே வந்து நின்றோம்.

"நாங்கள் சூடாகித்தான் வந்தனாங்கள் சேர்," என்றான் என் சித்தப்பாவின் மகன்.

"அது கால். எனக்கு விரல் வேணும்."

விரலுக்கு அவர் வைத்திருந்த பயிற்சிகளை இப்போதும் என்னால் வரிசை பிசகாமல் செய்யமுடியும். கையை உதறி, மணிக்கட்டைச் சுழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்துவிடவேண்டும். பிறகு பந்தைத் தலையைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, முழங்காலைச் சுற்றி, கால்களுக்கு நடுவே எட்டுப் போடுவதுபோல விட்டெடுக்கவேண்டும். பிறகு தட்டுவது. உள்ளங்கை படவே கூடாது, விரல் நுனிதான். தட்டும்போது பந்தைப் பார்க்காமல் இருக்க, எங்கள் நாடிக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டி, ஒரு வடலிப் பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். ஓலை மறைத்தால் பந்து தெரியாது. "உதை ஏன் பாக்கிறாய்? அது உன்ரை கையுக்கை இருக்கிற சாமான். முன்னுக்கு நிக்கிறவனைப் பார்," என்பார். கடைசியாக ஏழு பேரும் வட்டமாக நின்று கைக்குக் கை எறிவோம். பந்தில் வார் கட்டிய இடம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புடைப்பு நிலத்தில் பட்டால் பந்து தான் நினைத்த பக்கம் போகும். அதையும் கணக்கில் எடுத்துப் பிடிக்கப் பழகினோம்.

நான் முதல் மாதம் ஒன்றுக்கும் உதவாதவன். துலாக்கயிறும் மண்வெட்டியும் பிடித்த கை, எனக்கு உள்ளங்கைதான் தெரியும். நான் தட்டினால் அறைகிற சத்தம் கேட்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் பந்து ஏது? உரித்த தேங்காயை எடுத்து இடுப்பைச் சுற்றி விட்டுப் பழகினேன். "கறிக்கு வைச்ச தேங்காயோடை என்ன கூத்தடா இது," என்று அம்மா பறித்தெடுப்பார். ஊறுகாய்க்கு வைத்த தேசிக்காயை எடுத்தேன். இரண்டு கையிலும் மாறி மாறி, கண்ணை மூடிக்கொண்டு. ஆறாம் மாதம் மாஸ்ரர் என் நாடிக்குக் கீழே ஓலை பிடிப்பதை விட்டுவிட்டார். அவர் வாய் திறந்து புகழ்கிறவர் இல்லை. ஓலையை விட்டது எனக்குப் போதும். படிப்பு எனக்கு ஏறவில்லை, சித்திரையோடு நிறுத்தித் தோட்டத்தில் இறக்குவதென்று ஐயா முடிவு கட்டியிருந்தார். என் கை ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறது என்று நான் அறிந்த இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அதை நாலு பேர் பார்க்க ஒரு தரமாவது செய்யவேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

மாஸ்ரர் வடக்கே ஒரு மிசன் கல்லூரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அவர்கள் பத்து வருடமாக விளையாடுகிறவர்கள். எங்களோடு விளையாட அவர்களுக்கு என்ன வந்தது? ஆனாலும் பங்குனியில் பதில் வந்தது. வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வருகிறோம், அதற்குப் பிறகு எங்களுக்குச் சோதனை, வேறு நாள் இல்லை என்று. கடிதத்தை மாஸ்ரர் எங்களுக்கு இரண்டு தரம் வாசித்தார்.

அதே வாரம்தான் பெரியப்பு சாப்பாட்டை விட்டார்.

பெரியப்பு என் அப்பப்பாவின் தமையன். ஒழுங்கையில் மிஞ்சியிருந்த மூத்த ஆள். ஏழு பேருக்கும் ஏதோ ஒரு வகையில் பாட்டன். எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. புருசன் செத்தபிறகு தகப்பன் வீட்டோடு வந்துவிட்ட மகள் ஒருவர்தான் அவரைப் பார்த்துக்கொண்டார். அவரை நாங்கள் மாமி என்போம். மாமி குரல் எடுத்து அழத் தொடங்கினால் சந்தியில் நிற்கிறவனும் சால்வையை எடுத்துக்கொண்டு வருவான். செத்தவீடுகளுக்கு அவரைத் தேடிவந்து கூட்டிப்போவார்கள். யாரோ ஒருவருக்கே அப்படி அழுகிறவர், பெற்ற தகப்பனுக்கு எப்படி அழுவார் என்று ஊரில் முன்பே கதைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு வாய் அப்படி.

செவ்வாய்க்கிழமை பரியாரியார் வந்து நாடி பார்த்தார். வெளியே வந்து செருப்பைக் கொழுவிக்கொண்டே, "மூண்டு நாள், மிஞ்சினால் நாலு," என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். புதன், வியாழன், வெள்ளி என்று விரலை மடித்தேன். நாலாவது விரல் சனிக்கிழமை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடிப்போய் மற்ற ஆறு பேருக்கும் சொன்னேன். அவர்களும் விரலை மடித்தார்கள்.

மாஸ்ரருக்குப் புதன்கிழமை சொன்னோம்.

"நீங்கள் ஏழு பேருமே?" என்றார்.

"ஓம் சேர். எல்லாருக்கும் துடக்கு."

"ஒருத்தன்கூட தாய்வழியிலை இல்லையே?"

"இல்லைச் சேர்."

மனிதன் பந்தை மடியில் வைத்துக்கொண்டு செம்மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எழும்பி, வேறு ஒழுங்கைப் பெடியன்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு வட்டமாக நிற்கவைத்து எறிந்து பார்த்தார். ஒருவனுக்கு மூக்கில் பட்டு இரத்தம் வந்தது. மற்றவன் பந்து வர, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். மாஸ்ரர் விசிலை ஊதாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஒரு வருடப் பழக்கத்தை மூன்று நாளில் யாருக்குக் கொடுக்கிறது?

கோயில் ஐயரிடம் போய்க் கேட்டார். நாங்களும் பின்னால் போய்க் கைகட்டி நின்றோம். ஐயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"சாவு எத்தினை மணிக்கெண்டது கணக்கில்லை. காதிலை விழுந்த நேரத்திலையிருந்துதான் துடக்கு. போன வரியம் சிங்கப்பூரிலை செத்தவருக்கு ரெண்டு மாதம் கழிச்செல்லோ கடிதம் வந்தது. கடிதம் வந்த அண்டுதான் அந்த வீட்டிலை துடக்குத் தொடங்கினது. கேள்விப்படாதவனுக்கு ஒண்டுமில்லை."

எங்கள் ஊரில் கேள்விப்படாமல் இருப்பதற்குச் சிங்கப்பூர்தான் போகவேண்டும். ஆனாலும் அந்தச் சொல் எங்களுக்கு ஒரு பிடி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செய்ததைச் சொல்லத்தானே வேண்டும். ஏழு பேரும் முறைபோட்டுக்கொண்டு பெரியப்புவைப் பார்க்கப் போனோம். கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் பருக்கினோம். பரியாரியாரின் கஸ்தூரி மாத்திரையைத் தேனில் உரைத்து நாக்கில் தடவினோம். விசிறினோம். காலைப் பிடித்துவிட்டோம். "இந்தப் பெடியளுக்கு உவரிலை எவ்வளவு பாசம்," என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணி வரைக்கும் வைத்திரு அப்பனே என்று கேட்டேன். ஆறு மணிக்குப் பிறகு என்ன என்று பிள்ளையாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமிக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை நான் விசிறிக்கொண்டிருக்க, தகப்பனின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"உங்கடை பந்தடி எத்தினை மணிக்கு?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சனிக்கிழமை நாலு மணிக்கு மாமி."

"முடிய?"

"அஞ்சரை, ஆறு ஆகும்."

மாமி துணியை அலசப் போனார். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்களைப் படலையில் மறித்து, "நாளைக்கு ஒருத்தரும் இஞ்சை வரவேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன். உங்கடை பாட்டிலை போய் விளையாடுங்கோ," என்றார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்னதைக் கேட்டிருக்கலாம். மற்ற ஆறு பேரும் கேட்டார்கள். காலையிலேயே தோட்டத்துக்குப் போய், அங்கேயே குளித்து, அங்கிருந்தே மைதானத்துக்குப் போவதென்று பேசி வைத்திருந்தோம். நானும் போனேன். ஆனால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மத்தியானம் கழிய மனம் கிடந்து அடித்தது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் நிம்மதியாக விளையாடலாம் என்று நினைத்தேன். நிம்மதியாம்.

படலையைத் திறந்தபோது அடுப்படிக் கூரையால் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா? மாமி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அடுப்பில் பானை கொதித்தது.

"ஏன் வந்தனி?" என்றார், திரும்பாமல்.

"சும்மா மாமி. பெரியப்பு எப்பிடி?"

"கஞ்சி குடிச்சவர். இப்பதான் நித்திரை. எழுப்பாதை, போ."

போயிருக்கலாம். வெளியே வந்து, மாமிக்குத் தெரியாமல் முன்பக்கத்தால் ஏறிக் கதவைத் தள்ளினேன். ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பெரியப்பு போர்வையை நெஞ்சுவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வழக்கமாகக் காலைப் பிடித்துவிடுகிற பழக்கத்தில் என் கை தானாகக் காலுக்குப் போயிற்று. கால் குளிர்ந்திருந்தது. குளிர் மட்டுமல்ல, விறைத்தும் இருந்தது. பெருவிரலை ஆட்டினேன், கால் முழுவதும் சேர்ந்து ஆடியது.

கையை இழுத்துக்கொண்டேன். மாமிக்குத் தெரியவில்லை, பாவம், நித்திரை என்று நினைத்துக்கொண்டு சமைக்கிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அவரிடம் போய்ச் சொல்லவேண்டும். சொன்னால் அவர் அழுவார். அழுதால் ஊருக்கே கேட்கும். சொல்லாவிட்டால் ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பிறகு கதவை இருந்தமாதிரியே சாத்திவிட்டு மைதானத்துக்கு நடந்தேன். நடந்தேன் என்பதும் சரியில்லை. கால் போயிற்று.

மைதானத்தைச் சுற்றி அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். மிசன் பெடியன்கள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைக் காற்சட்டை, றப்பர்ச் சப்பாத்து. கையில் இரண்டு பந்து. மற்றத் தலைப்பில் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆறு பேரும் வெறுங்காலோடு வட்டமாக நின்றார்கள். எனக்கு விட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. கோயில் எல்லைக் கல்லடியில் ஒரு கணம் நின்றேன். கேள்விப்படாதவனுக்கு ஒன்றுமில்லை. இவர்கள் ஆறு பேரும் கேள்விப்படாதவர்கள், சுத்தம். நான்தான் தெரிந்தவன். காலில் சுளுக்கு என்று சொல்லி வெளியே இருந்திருந்தால் என்னோடு போயிருக்கும், மற்ற ஆறு பேரும் விளையாடியிருப்பார்கள். இவ்வளவு சின்னப் பொய். அது எனக்கு அடுத்த மாதம் தோட்டத்தில் நிற்கும்போதுதான் தோன்றியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வெறும் இடம் என்னுடையது என்பது. போய் நின்றேன்.

கையை உதறினேன். மணிக்கட்டைச் சுழற்றினேன். விரல்களைப் பின்னுக்கு இழுத்தேன். விரல் நுனியில் அந்தக் குளிர் அப்படியே இருந்தது. பந்து வந்தது, நழுவியது. எடுத்து எறிந்தேன். திரும்பவும் வந்தது, நெஞ்சில் பட்டு விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். தட்டிப் பார்த்தேன், முதல் மாதம்போல உள்ளங்கையால் அறைகிற சத்தம் கேட்டது. ஒரு வருடம் பழகின கை என்னுடைய சொல்லைக் கேட்கவில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. பந்து கோயில் பக்கம் உருண்டு போக, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்ரர் வந்து என் தோளைப் பிடித்தார். "என்னடா செய்யுது உனக்கு? பயமே?"

மனிதன் அன்பாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

"பெரியப்பு மோசம் போட்டார் சேர். உயிரில்லை," என்றேன்.

ஆறு பேருக்கும் கேட்டது. பந்து யாரிடமும் வரவில்லை. என் சித்தப்பாவின் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவன் சாகும்வரைக்கும் அதைப்பற்றி என்னோடு கதைக்கவில்லை. ஒருவன் பின் ஒருவனாக எல்லைக் கல்லைத் தாண்டி வெளியே வந்தோம். யாரும் சொல்லவில்லை, தானாக வந்தோம். மாஸ்ரர் மட்டும் வட்டத்தின் நடுவில் நின்றார்.

ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. மாமிக்கு இதை எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டு படலையைத் திறந்தேன். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. மாமி அடுப்படி வாசலுக்கு வந்து எங்கள் ஏழு பேரையும் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார்.

"ஏன்ரா, அவங்கள் வரேல்லையே?"

"வந்தவங்கள் மாமி."

"அப்ப?"

எங்களில் சின்னவன்தான் சொன்னான். "பெரியப்பு மோசம் போட்டாராம். இவன் வந்து சொன்னவன்."

மாமி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எனக்கு விடியவே தெரியும்," என்றார். "வந்தவை எல்லாரையும் நித்திரை எண்டு சொல்லித் திருப்பிவிட்டனான். பரியாரியாரையும் படலையோடை அனுப்பினனான். நீங்கள் விளையாடி முடிச்சு வரட்டும், பொழுதுபட அழுவம் எண்டு இருந்தன்."

திரும்பிப் போய், எரிகிற கொள்ளிகளை வெளியே இழுத்து, பானையைத் தூக்கி அடுப்பில் ஊற்றினார். பானையில் இருந்து தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஒரு அரிசிகூட இல்லை. விடியலில் இருந்து ஊருக்குப் புகை காட்ட வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு அந்த அடுப்புக்கு முன்னால் இருந்திருக்கிறார். அடுத்த அறையில் தகப்பன், தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றிவைக்க ஆளில்லாமல்.

விளக்கை ஏற்றிக்கொண்டு மாமி உள்ளே போனார். மைதானத்தில் மிசன் பெடியன்கள் பந்து தட்டுகிற சத்தம் எங்கள் முற்றம்வரை கேட்டது. கொண்டையை அவிழ்த்துவிட்டு அவர் குரல் எடுத்தபோது, அந்தச் சத்தம் நின்றது. அவர் அன்றைக்கு நன்றாக அழவில்லை என்றும் குரல் அடைத்துப்போயிருந்தது என்றும் செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் தங்களுக்குள் சொன்னார்கள். பகல் முழுவதும் அவர் எதை அடக்கிக்கொண்டிருந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லக்கூடாத நேரத்தில் சொன்ன நான், சொல்லவேண்டிய அந்த இடத்தில், அந்தப் பெண்களுக்கு முன்னால், வாயைத் திறக்கவில்லை.